வெர்னா ஹுடாக் கடன்காரி ஆன கதை

ஓஹையோ ஆற்றின் இந்தக் கரையில் வெர்னா ஹுடாக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் மக்ரோனி கிளறியவள். ஊரில் பாதிப் பேர் அவள் கரண்டியில் தின்று வளர்ந்தவர்கள்தான். அவளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்வார்கள்: யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காதவள்.

இது புகழ்ச்சி மாதிரித் தெரியும். பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு தொந்தரவு என்று. ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுத்தால், அவள் வீட்டு அடுப்பில் கேக் வேகும் முன்பே சர்க்கரை திரும்பி வந்துவிடும். தேவாலயத்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனால் இறங்கும்போது சீட்டில் பெட்ரோல் காசு கிடக்கும். வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்தவன் மண்வெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஒரு ஜாடி பீட்ரூட் ஊறுகாயோடு வந்து நிற்பாள். அவளுக்கு உதவி செய்துவிட்டுக் கூலி வாங்காமல் தப்பித்தவன் ஊரில் ஒருவனும் இல்லை.

அது அவள் பிறந்த வீட்டு ரத்தம். அவளுடைய தாத்தா பாலோ நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்க முதலாளியின் கடையிலேயே பற்று வைத்து வாங்கி, சம்பள நாளன்று வெறுங்கையோடு வீடு திரும்பி, கடைசியில் தன் சவப்பெட்டியையும் அதே கடையில் பற்றிலேயே வாங்கிப் போனவர். அவர் மகன் ஆண்ட்ரே, அதாவது வெர்னாவின் அப்பா, அந்தச் சவப்பெட்டிக்கு நாலு வருஷம் பணம் கட்டினார். கட்டி முடித்த அன்று பாலோ வம்சத்தில் இனி எவனும் கடன் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஐந்து பிள்ளைகளும் அதைக் காப்பாற்றினார்கள். மூத்தவன் மிலன் ரொக்கம் சேரட்டும் என்று காத்திருந்து முதல் காரை வாங்கியபோது அவனுக்குக் கண் மங்கிவிட்டது. ஓட்டுவதற்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை.

வெர்னா கட்டிக்கொண்ட எமில் ஹுடாக்கும் கடன் தெரியாத மனுஷன். ஹுடாக் வீட்டில் அப்படி ஒருத்தன் பிறந்ததே ஆச்சரியம். அவன் தம்பி ரூடி அண்ணனுக்கும் சேர்த்துக் கடன் வாங்கினான்.

எமில் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகியும் வெர்னா அதே மில் தெரு வீட்டில்தான் வாடகைக்கு இருந்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அதே வீடு. வீட்டுக்காரர் ப்ரூயிட் கிழவர் அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். ஃபுளோரிடாவில் இருக்கும் அவர் மகள் ஷார்லீன் போன் செய்தாள்.

"வெர்னாம்மா, வீட்டை விக்கப் போறேன். கொலம்பஸ்ல இருந்து ஒரு கம்பெனி கேக்குது. நம்ம தெருவுல நாலு வீடு வாங்கிட்டான். வாங்கினதும் வாடகையை ஏத்திடுவான், உங்களுக்கே தெரியும். அதனால உங்களை முதல்ல கேக்கறேன். நவம்பர்ல நன்றி தினம் வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல என் வீட்டுக்காரர் விட மாட்டார்."

வெர்னாவிடம் பாதி விலைக்குச் சேமிப்பு இருந்தது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது? மூன்று ராத்திரி புரண்டு படுத்துவிட்டு, அப்பா ஆண்ட்ரேவின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மில் தொழிலாளர் கடன் சங்கத்துக்குப் போனாள்.

கடன் மேஜையில் டார்சி மார்க்கிச் உட்கார்ந்திருந்தாள். வெர்னாவிடம் மதியச் சாப்பாடு வாங்கித் தின்ற பெண்தான். அவள் அம்மாவும், அம்மாவின் தங்கைகளும், எல்லாருமே வெர்னா கரண்டிதான்.

டார்சி கம்ப்யூட்டரில் தட்டினாள். மறுபடி தட்டினாள். திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்க பேருக்கு எண் வரல."

"என்ன எண்?"

"கடன் எண். இதுவரைக்கும் வாங்கின கடனை எப்படித் திருப்பினீங்கன்னு பார்த்து மெஷின் போடற மார்க்கு."

"நான்தான் கடனே வாங்கலையே. அப்ப முழு மார்க்குதானே வரணும்?"

"அப்படி வராது ஆன்ட்டி."

"சரி, சைபர் போட்டிருக்கா?"

"சைபரும் இல்ல. சைபர்னு போட்டாலாவது நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு ஆயிடும். இதுல நீங்க இல்லவே இல்ல."

"இல்லாதவளா உனக்கு ரெண்டாந் தடவை மக்ரோனி வச்சது?"

டார்சி முகம் சிவந்தது. "நான் இருக்கீங்கன்னுதான் சொல்றேன். மெஷின் நம்ப மாட்டேங்குது."

"எங்க ரூடி இருக்கானே, ரெண்டு தடவை திவால் ஆனவன். அவன் இருக்கானா மெஷின்ல?"

"அடுத்தவங்க விஷயம் சொல்லக் கூடாது ஆன்ட்டி," என்றாள் டார்சி. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டதிலேயே பதில் கிடைத்துவிட்டது. ரூடி இருக்கிறான். மெஷினுக்கு ரூடியை நன்றாகத் தெரியும்.

வழி இரண்டு என்றாள் டார்சி. நல்ல எண் உள்ள யாராவது கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். இல்லாவிட்டால் வெர்னா ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, அதில் கடன் வாங்கி, ஒழுங்காகக் கட்டி, ஆறேழு மாதத்தில் தனக்கென்று ஓர் எண்ணைச் சம்பாதிக்கலாம்.

"என் கடனுக்கு இன்னொருத்தர் கையெழுத்தா? என்னைப் புதைச்ச பிறகு பாரு," என்று வெர்னா கைப்பையைத் தூக்கிக்கொண்டாள். "கார்டே வாங்கறேன்."

வாங்குவதென்றால் யாரைக் கேட்பது? ஈஸ்டருக்கு முந்தின நோன்பு வெள்ளிக்கிழமைகளில் செயின்ட் சிரில் தேவாலயத்துக்குக் கீழே மீன் வறுவல் நடக்கும். ஊரே அங்குதான் சாப்பிடும். ரூடி அங்கே முட்டைக்கோஸ் நூடுல்ஸ் தட்டுக்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். பின் பையில் பர்ஸ் அவ்வளவு கனம். முதுகுவலிக்கு மருந்து கேட்டுப் போனவனை டாக்டர் பர்ஸைத்தான் மாற்றச் சொன்னார்.

"கார்டா? அண்ணி, நீங்க சரியான ஆள்கிட்ட வந்திருக்கீங்க," என்று ரூடி பர்ஸை மேஜையில் விரித்தான். மடிப்பு மடிப்பாக நீண்டுகொண்டே போனது. "இது விமான கார்டு. செலவு பண்ணப் பண்ண மைல் ஏறும்."

"நீதான் ஏணியில ஏறினாலே தலை சுத்துதும்பியே."

"பறக்கறதுக்கா வச்சிருக்கேன்? மைல் இருக்குங்கறது ஒரு கௌரவம். இது ஹோட்டல் கார்டு. இது தீவனக் கடைக் கார்டு."

"உனக்கு மாடு ஏதுடா?"

"மாடு இல்ல. ஆனா பத்துப் பர்சன்ட் தள்ளுபடி இருக்கே."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனாலும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். இந்த ஊரில் கடனைப் பற்றி யோசனை சொல்லாதவன் கிடையாது. எவன் எவ்வளவு மூழ்கியிருக்கிறானோ அவ்வளவு விவரமாகச் சொல்வான். கடைசியில் ரூடி தீர்ப்புச் சொன்னான்: "நாளைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கடைத்தெருவுக்குப் போவோம். எந்தக் கடையில பில் போட்டாலும் 'எங்க கார்டு வேணுமா'ன்னு கேப்பான். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க. பத்து வலை வீசினா ஒண்ணுலயாவது மீன் விழாதா?"

சனிக்கிழமை போனார்கள். துணிக்கடை, செருப்புக்கடை, படுக்கை விற்கிற கடை, காது வளையம் விற்கிற கடை, மீன் தூண்டில் கடை. வெர்னா எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு பரிசு உண்டு. சாயங்காலம் வீடு திரும்பும்போது மூன்று துண்டு, ஒரு ஐஸ்பெட்டி, ஒரு கால்பந்து அணித் தொப்பி, கடற்கரையில் விரிக்கிற குடை எல்லாம் சேர்ந்திருந்தன. எங்கள் ஊரிலிருந்து கடற்கரை ஒரு நாள் பயணம்.

"பாருங்க அண்ணி, கார்டு வர்றதுக்கு முன்னாடியே லாபம்," என்றான் ரூடி. தொப்பியை அவன் எடுத்துக்கொண்டான்.

கார்டு வரவில்லை. பதில்கள் வந்தன. முதலில் வந்தவை எல்லாம், உங்களுக்கு இதுவரை கடன் வாங்கிய பழக்கம் இல்லாததால் தர இயலவில்லை என்றன. பிறகு வந்தவை, சமீபத்தில் பல இடங்களில் கடன் கேட்டிருப்பதால் தர இயலவில்லை என்றன.

வெர்னா அவற்றை டார்சியின் மேஜையில் போட்டாள். "மொதல்ல கடன் வாங்கலன்னு இல்லங்கறான். அப்புறம் கடன் கேட்டேன்னு இல்லங்கறான். நான் என்னதான் பண்ணணும், சொல்லு."

டார்சி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, ஒவ்வொரு தடவை கேக்கறதும் மெஷின்ல பதிவாகும். ஒரே நாள்ல இத்தனை இடத்துல கேட்டா, ரொம்ப அவசரத்துல இருக்கற ஆள்னு நினைச்சுக்கும்."

"அவசரம்தானே!"

"அது மெஷினுக்குத் தெரியக் கூடாது. கடன் வேண்டாதவங்க மாதிரி இருக்கறவங்களுக்குத்தான் கடன் குடுக்கும்."

"இத்தனை வருஷம் நான் அப்படித்தானே இருந்தேன்?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இந்த ஊரில் கிடையாது.

அதன் பிறகுதான் டார்சி முன்பணம் கட்டி வாங்குகிற கார்டைப் பற்றிச் சொன்னாள். முந்நூறு டாலரை நாம் கட்டிவைக்க வேண்டும். அந்த முந்நூறுக்குள் நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

"அதாவது என் காசை வாங்கி வச்சுக்கிட்டு, அதையே எனக்குக் கடனாக் குடுப்பீங்க."

"ஆமா."

"அதை நான் ஒழுங்காத் திருப்பிக் கட்டினா, நான் நல்லவ."

"ஆமா ஆன்ட்டி."

"இதைக் கண்டுபிடிச்சவன் எங்க தாத்தா வாங்கின கடைக்காரனோட பேரனாத்தான் இருப்பான்," என்றாள் வெர்னா.

ரூடி அதற்குள் டெலிவிஷனில் பார்த்த இன்னொரு முன்பணக் கார்டைக் கொண்டுவந்தான். மேலே கழுகுப் படம், பொன் நிறம், எடுத்துக் காட்டினால் பெருமை. வெர்னா டப்பாவில் காலாவதித் தேதி பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பொடி எழுத்துகளைப் படித்தாள். வருஷக் கட்டணம் ஒன்று. அதைத் தவிர மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் ஒன்று.

"கழுகுக்குத் தீனி போடறதுக்கா பராமரிப்பு?" என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். படமும் இல்லாத, கட்டணமும் இல்லாத சங்கத்துக் கார்டையே எடுத்தாள். சாம்பல் நிறம். ரூடிக்கு அதைப் பார்க்கவே வருத்தமாக இருந்தது.

கார்டு கைக்கு வந்ததும் ஒரு டப்பா காபித்தூள் வாங்கினாள். வீட்டுக்கு வந்து டப்பாவை மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்தாள். கடனில் வந்த காபி. மூடியைத் திறக்கக் கை வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு நேரே சங்கத்துக்கு நடந்தாள், காசைக் கட்டினாள், திரும்பி வந்து காபி போட்டுக் குடித்தாள். சோப்பு வாங்கினாலும் அப்படித்தான். கட்டுகிறவரைக்கும் குளிக்க மாட்டாள்.

இரண்டு மாதம் இப்படியே போனது. டார்சி அவளைச் சங்கத்தில் பணம் கட்டுகிற ஜன்னலில் மடக்கினாள்.

"ஆன்ட்டி, வாங்கின அன்னிக்கே கட்டிட்டா பில்லுல ஒண்ணுமே வராது. கார்டை ஒரு ஓரமாப் போட்டு வச்சிருக்கீங்கன்னுதான் மெஷின் நினைக்கும். பில் வரட்டும். அதுல கொஞ்சம் பாக்கி தெரியட்டும். அப்புறம் முழுசாக் கட்டுங்க. வட்டி ஒரு காசு கிடையாது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இருப்பதுதான் அவளுக்கு வராத வேலை. அந்தக் கோடை முழுவதும் வெர்னாவின் முகம் பல்வலிக்காரி முகம் மாதிரி இருந்தது. இருபது டாலர் பாக்கி இருக்கிற வாரங்களில் தெருவில் யார் கண்ணையும் பார்க்க மாட்டாள். பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கூண்டில் அதைச் சொன்னதாகவும், அவர் தன் கார்டில் எவ்வளவு பாக்கி இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டதாகவும் ரூடி எல்லாரிடமும் சொன்னான். ரூடி சொல்வதில் பாதியை நம்பலாம்.

அக்டோபரில் எண் வந்தது. வெர்னா ஹுடாக் என்று ஒருத்தி இருக்கிறாள் என மெஷின் ஒப்புக்கொண்டது. ஆனால் வீட்டுக்கடனுக்கு வேண்டிய எண்ணுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ரூடியின் எண்ணுக்கும் கீழே. அதுதான் அவளைச் சுட்டது.

"உங்க கணக்குக்கு வயசு பத்தல," என்றாள் டார்சி. "சொந்தத்துல யாராவது ரொம்ப நாளாக் கார்டு வச்சிருந்து, ஒரு தடவைகூடத் தவறாமக் கட்டியிருந்தா, அவங்க கார்டுல உங்க பேரையும் சேர்த்துக்கலாம். அந்தக் கார்டோட வயசு உங்களுக்கும் வந்துடும். நீங்க அதைத் தொடக்கூட வேணாம்."

வெர்னா வீட்டுக்குப் போய் உறவுகளை எண்ணிப் பார்த்தாள். பாலோ பக்கம் யாரிடமும் கார்டே கிடையாது. மிலன் பையன் ஒருத்தன்தான் க்ளீவ்லாண்டில் வைத்திருக்கிறான், ஆனால் அவன் பெண்டாட்டி ஒருமுறை பணம் கட்ட மறந்து சண்டை வந்தது கிறிஸ்துமஸ் விருந்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஹுடாக் பக்கம் ரூடி. ரூடியை விட்டால் எமிலுக்கும் அவனுக்கும் அக்காவான தெல்மா. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் இருந்த காலத்தில் துணி துவைக்கிற மெஷின் வாங்குவதற்காக எடுத்த கார்டு, இன்றுவரை ஒரு நாள் தவறாமல் கட்டுகிறாள்.

தெல்மாவோடு பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் எமிலின் சாவுச் சாப்பாடு. அடக்கம் முடிந்து மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெல்மா யாரிடமும் சொல்லாமல் சமையல்காரரிடம் போய்த் தன் கார்டில் மொத்தச் செலவையும் கட்டிவிட்டாள். வெர்னா அன்று ராத்திரி அதைக் கேள்விப்பட்டாள். விடிவதற்குள் தெல்மா வீட்டு வாசற்படியில் ஒரு கவர் கிடந்தது. உள்ளே முழுத் தொகை, சில்லறை உட்பட.

இப்போது வெர்னா மேட்டுத் தெரு ஏறிப் போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"காலைத் துடைச்சுட்டு வா," என்றாள் தெல்மா. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"தெல்மாக்கா, ஒரு காரியமா வந்தேன்."

"காரியம் இல்லாம இந்த மேடு ஏறுவியா? உக்காரு. காபி போடட்டுமா?"

"வேண்டாங்க்கா."

"வேண்டாமா, இல்ல குடிச்சா காசு வைக்கணுமேன்னு பயமா?"

வெர்னா வாங்கிக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது. விஷயத்தைச் சொன்னாள். வீடு, ஷார்லீன், எண், கார்டு. "கார்டு வந்தாலும் நீங்களே வச்சுக்குங்க. நான் கையால தொட மாட்டேன். பேரு மட்டும்தான்."

தெல்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எமிலை நான் இடுப்புல தூக்கி வளர்த்தேன். எங்கம்மா மில்லுல இருந்து வர்றவரைக்கும் அவனுக்குச் சோறு நான்தான். கடைசிச் சோறும் நான்தான் போடணும்னு நினைச்சேன். காலையில கதவைத் திறந்தா கவரு."

"பாக்கி வைக்கக் கூடாதுன்னுதான்..."

"யாருக்குடி பாக்கி? செத்தவனோட அக்காளுக்கா?"

தெல்மா எழுந்து போனை எடுத்து, கார்டுக் கம்பெனியைக் கூப்பிட்டு, பெயர் சேர்க்கச் சொன்னாள். பிறந்த தேதி கேட்டார்கள். வெர்னாவிடம் திரும்பாமலே சொன்னாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் புருஷன் வருஷா வருஷம் மறந்துட்டு என்கிட்டதான் கேப்பான்."

இப்படி ஒருத்தி செய்தால் வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். வெர்னா மறுநாளே கசகசா ரொட்டி செய்து தெல்மா வாசலில் வைத்தாள். தெல்மா அதை ரூடியிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். வெர்னா கைக்கு வந்தபோது அதில் பாதி இல்லை. ரூடி வாயைத் துடைத்துக்கொண்டு, "வழியில குலுங்கிடுச்சு அண்ணி," என்றான்.

நவம்பரில் எண் ஏறியது. வேண்டியதற்கு மேலேயே ஏறியது. டார்சி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள். கடன் சரி என்று ஆகிவிட்டது. நன்றி தினத்துக்கு முந்தின புதன்கிழமை கையெழுத்து.

வேறு எந்த ஊர்க்காரியாவது அப்போது என்ன செய்திருப்பாள்? படுத்துத் தூங்கியிருப்பாள். வெர்னா ஆண்ட்ரே பாலோவின் மகள். காரியம் முடிந்தது, இனி எதற்கு அடுத்தவர் கார்டில் நம் பெயர்? அன்று சாயங்காலமே கம்பெனிக்குப் போன் போட்டுத் தெல்மாவின் கார்டிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னாள். தன் சாம்பல் கார்டைக் கத்தரிக்கோலால் நறுக்கினாள். மறுநாள் சங்கத்தில், டார்சி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஜன்னலில் கணக்கை மூடி முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டாள், பாட்டுப் பாடிக்கொண்டே. மார்ச் மாதத்திலிருந்து வராத தூக்கம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டார்சி போன் செய்தாள்.

"ஆன்ட்டி, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வச்சேன்."

"கையெழுத்துக்கு முன்னாடி நாங்க இன்னொரு தடவை எண்ணைப் பார்க்கறது வழக்கம் ஆன்ட்டி. எண் விழுந்துடுச்சு. தெல்மாம்மா கார்டு உங்க கணக்குல இல்ல. உங்க கார்டும் இல்ல. மறுபடி சேர்த்தா ஏறறதுக்கு ஒரு மாசம் ஆகும்."

வெர்னா ஷார்லீனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஏதோ மிக்ஸி ஓடுகிற சத்தம். "வெர்னாம்மா, உங்க மேல எனக்குப் பிரியம்தான். ஆனா கொலம்பஸ்காரன் பணத்தோட நிக்கறான். நாளைக்கு இல்லன்னா வெள்ளிக்கிழமை அவனுக்கு." மிக்ஸி மறுபடி ஓடியது.

வெர்னா சமையலறையில் நின்றாள். அந்த ஜன்னலிலிருந்து எமில் போட்ட தக்காளிப் பாத்தி தெரியும். பனி மூடிக் கிடந்தது. கொலம்பஸ்காரன் வந்தால் முதலில் அதைத்தான் சிமெண்டு போட்டுக் காரை நிறுத்துவான், பக்கத்து வீட்டில் செய்த மாதிரி.

அன்று மத்தியானம் ஐஸ் மழை. மேட்டுத் தெருவில் கால் வழுக்க வழுக்க ஏறினாள். தெல்மா கதவைத் திறந்தபோது ஏற்கனவே கோட்டு போட்டிருந்தாள். ரூடி சொல்லியிருந்தான். ரூடிக்கு யார் சொன்னார்கள் என்பது இந்த ஊரில் கேட்கிற கேள்வி இல்லை.

"கத்தரிக்கோலால நறுக்கினியாமே?"

வெர்னா தலையாட்டினாள்.

"ஒரு மாசம். ஒரே மாசம் எனக்குக் கடன்பட்டு இருக்க முடியல உன்னால. என் பேரு அவ்வளவு அரிக்குதா?"

"உங்க பேரு இல்லக்கா." வெர்னாவின் தலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. "யார் குடுத்தாலும் எனக்கு அப்படித்தான். திருப்பிக் குடுத்தாத்தான் மூச்சு வரும். உங்க கவரும் அப்படித்தான் வச்சேன். தப்பு. அதைச் சொல்லத் தெரியல, ரொட்டி சுட்டேன்." பிறகு, பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை வந்தது. "தெல்மாக்கா, எனக்காக ஒரு கையெழுத்துப் போடணும்."

தெல்மா கையுறையை மாட்டினாள். "போடறேன். ஆனா ஒரு பேச்சு. ரொட்டி வரக் கூடாது. ஊறுகாய் வரக் கூடாது. கவரு வந்துச்சோ, நேரா உன் வீட்டுக்கு வந்து உன் முகத்துல எறிவேன். வாங்கிக்கணும். வாங்கிக்கிட்டு இருக்கணும். முடியுமா?"

"கஷ்டம்," என்றாள் வெர்னா உண்மையாக.

"தெரியும். வா, பிடிச்சுக்கோ, வழுக்கும்."

புதன்கிழமை சங்கத்தில் இரண்டு பேரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். டார்சி தெல்மாவின் எண்ணைப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்படி ஓர் எண்ணை அவர் பார்த்ததே இல்லையாம். ஏதோ பெரிய மீன் பிடித்தவளைப் பார்ப்பது போல் இரண்டு மூன்று பேர் வந்து தெல்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தனை வருஷக் கடன்?" என்று தெல்மா கேட்டாள்.

"பதினஞ்சு, தெல்மாம்மா."

"அப்ப எனக்கு எண்பத்தஞ்சு ஆயிடும். சாகக் கூட முடியாது போலிருக்கே இவளால."

டார்சி எழுதிக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு பேருக்கும் உறவு?"

வெர்னா தயங்கினாள். எமில் போன பிறகு அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாத்தனார்னு எழுது," என்றாள் தெல்மா. "அவன் செத்தா எங்க உறவு செத்துடுமா? எழுதும்மா."

வீடு வெர்னா பெயருக்கு வந்தது. கொலம்பஸ்காரன் வேறு தெருவுக்குப் போனான்.

அதோடு இன்னொன்றும் வந்தது. வீட்டுக்கடன் மெஷினில் ஏறிய மறு மாதத்திலிருந்து வெர்னாவின் தபால்பெட்டி மூட முடியாமல் நிரம்பியது. அவளுக்குக் கார்டு கிடையாது என்ற அதே துணிக்கடை, அதே செருப்புக்கடை, அதே படுக்கைக் கடை. அன்புள்ள வெர்னா, நீங்கள் விசேஷமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். அறுபது வருஷம் கடன் இல்லாமல் வாழ்ந்தவளை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள், தலைக்கு மேல் கடன் வந்ததும் மாலை போட்டு அழைத்தார்கள். ரூடி அவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் வரவேற்பறையில் பரப்பி, பொறாமையோடு படித்தான்.

வெர்னா கெட்டிக்காரி, சிக்கனக்காரி. மூன்றாம் மாதமே இரண்டு தவணைப் பணம் கையில் சேர்ந்துவிட்டது. சேர்ந்தால் அவளுக்குக் கை துறுதுறுக்கும் என்பது தெல்மாவுக்குத் தெரியாதா? ஒன்றாம் தேதி காலை, வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"கட்டிட்டியா?"

"இன்னிக்குத்தானேக்கா ஒண்ணாந் தேதி. இப்பத்தான் கிளம்பறேன்."

"எவ்வளவு எடுத்திருக்கே?"

வெர்னா கைப்பையை இறுக்கி மூடினாள்.

"ரெண்டு மாசத்துது எடுத்திருக்கே. உன் மூச்சுலயே தெரியுது. ஒண்ணை உள்ள வை. சீக்கிரம் அடைச்சுட்டா ஒண்ணாந் தேதி நான் யாருக்குப் போன் பண்றது?"

வெர்னா கைப்பையைத் திறந்தாள். பாதிப் பணத்தை எடுத்து மேஜை டிராயரில் வைத்து மூடினாள். டிராயர் சத்தம் போனில் கேட்கட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே மூடினாள்.

"வச்சுட்டேங்க்கா," என்றாள். "நிறையப் பாக்கி இருக்கு."